காயிலோவர் கொண்டு மகிழுந்தைத் தாழ்த்தல்

காயிலோவர் என்பது சுருள்வில்லும் அதிர்வுத் தணிப்பியும் ஒரே அச்சில் அமைந்த சஸ்பென்சன் உறுப்பு ஆகும். தணிப்பியைச் சுற்றி வில் அமைந்திருக்கும். தணிப்பியின் உடலில் மரையிடப்பட்டு, அதில் ஏறி இறங்கும் வளையம் ஒன்று வில்லைத் தாங்கும். இவ்வளையத்தைத் திருகி வண்டியின் உயரத்தை மாற்றலாம். தணிப்பி என்று இக்கட்டுரையில் குறிக்கப்படுவது பணிமனைகளில் ஷாக் அப்சார்பர் அல்லது சுருக்கமாக ஷாக் எனப்படுவதே.

பந்தயத் தேவைக்காக உருவான இவ்வுறுப்பு, இன்று அன்றாடம் ஓட்டும் வண்டிகளைத் தாழ்த்துவதற்கே பெரிதும் வாங்கப்படுகிறது. தாழ்த்துவதன் நோக்கம் பெரும்பாலும் தோற்றம். அடுத்ததாகவே வளைவுகளில் நிலைத்தன்மை. சமவெளியின் நெடுஞ்சாலையில் இதன் குறைகள் உடனே புலப்படுவதில்லை. நீலகிரி மாவட்டம் குந்தா வட்டத்தில், மஞ்சூருக்கு அருகிலுள்ள பிக்கட்டி போன்ற மலையூர் ஒன்றில் நாள்தோறும் ஓடும் வண்டியில் அவை முதல் வாரத்திலேயே தெரியவரும். இக்கட்டுரை அவ்வகைச் சாலைகளைக் கருத்தில் கொண்டு இதன் இயக்கத்தை விளக்குகிறது.

பெயரும் பின்னணியும்

வில்லையும் தணிப்பியையும் ஒன்றாக்கும் எண்ணம் புதியதன்று. அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மேக்பெர்சன் வடிவமைத்த ஸ்ட்ரட், 1950-ல் பிரித்தானிய ஃபோர்டு நிறுவனத்தின் கான்சல், செஃபிர் வண்டிகள் வழியாகப் பரவலானது. இந்தியாவில் அம்பாசிடர் வண்டியின் முன்புறத்தில் முறுக்குத் தண்டுகளும் பின்புறத்தில் பட்டை விற்களும் இருந்தன. 1983 திசம்பரில் வெளிவந்த மாருதி 800, மேக்பெர்சன் ஸ்ட்ரட்டை இந்நாட்டின் சாதாரணக் குடும்பத்திடம் கொண்டு சேர்த்தது. நுட்பமாக நோக்கின் அந்த ஸ்ட்ரட்டும் ஒரு காயிலோவரே. எனினும் வழக்கில் இச்சொல், உயரத்தை மாற்றக்கூடிய மரையுடன் வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தும் உறுப்பை மட்டுமே குறிக்கிறது.

தமிழ்நாட்டில் இவ்வார்வத்திற்கு ஓர் இயல்பான மையம் கோயம்புத்தூர். பந்தய வண்டிகளை வடிவமைத்த சு. கரிவரதன் நினைவாகப் பெயரிடப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே 2003 முதல் அந்நகரின் செட்டிபாளையத்தில் இயங்குகிறது. பந்தயத் தடத்தின் மேற்பரப்பு வழவழப்பானது. அங்கு வேகத்தடை இல்லை, குறுக்கு வடிகால் இல்லை. அங்கு பொருந்தும் அமைவை அப்படியே மலைக்கு ஏற்றிச் செல்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மலிவு வகைகள்

மலிவு விலையில் கிடைப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, வண்டியுடன் வந்த தணிப்பியின் மேல் மாட்டும் மரையிட்ட குழலும் குட்டையான வில்லும் மட்டும் கொண்டது. விலை மிகக் குறைவு. ஆனால் பழைய தணிப்பி பழைய வில்லுக்காக அளவிடப்பட்டது என்பதால் புதிய, விறைப்பான வில்லை அதனால் அடக்க இயலாது.

இரண்டாவது, புதிய தணிப்பியுடன் வருவது. உயரம் வில்லின் வளையத்தை இறக்கி மாற்றப்படும். வளையம் எவ்வளவு இறங்குகிறதோ, தணிப்பி மேல்நோக்கி ஒடுங்குவதற்கு உள்ள இடம் ஏறத்தாழ அவ்வளவு குறையும். மூன்றாவது வகையில் தணிப்பியின் அடிப்பகுதி தனித் துண்டாக இருக்கும். அதனைத் திருகி மொத்த நீளத்தையே குறைக்கலாம், தணிப்பியின் ஓட்டம் குறையாது. தைவான் நிறுவனமான பி.சி. ரேசிங் இவ்வகையால் அறியப்பட்டது. மூன்றாவது வகையிலும் ஒரு வரம்பு உண்டு: தணிப்பிக்கு ஓட்டம் மிஞ்சினாலும் சக்கரம் மட்கார்டை முட்டும் தூரம் குறைந்தே தீரும்.

மாருதி ஸ்விஃப்ட் போன்ற பல சிறிய வண்டிகளின் பின்புறத்தில் வில்லும் தணிப்பியும் தனித்தனியே அமைந்துள்ளன. எனவே அங்கு பொருத்தப்படுவது பெயரளவிலேயே காயிலோவர். வில்லின் உயரத்தை ஒரு திருகும், தணிப்பியின் நீளத்தை மற்றொன்றும் தீர்மானிக்கின்றன. இரண்டையும் பொருத்தமாக அமைக்காமல் விட்டால் பின்சக்கரம் தொங்கும்போது வில் தன் இருக்கையிலிருந்து நழுவக்கூடும்.

தணிப்பியின் தலையில் உள்ள திருகில் 24 அல்லது 32 படிகள் இருப்பது விளம்பரத்தில் பெரிதாகக் கூறப்படும். மலிவு வகைகளில் அவற்றுள் உணரத்தக்க வேறுபாடு தருபவை பெரும்பாலும் சிலவே.

இவை அனைத்தையும் விட மலிவான வழி, வில்லின் ஒரு சுற்றை வெட்டி எறிவது. வில்லின் விறைப்பு அதன் இயங்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பதால் 6 சுற்று 5 ஆனால் விறைப்பு 20 விழுக்காடு மட்டுமே கூடும். அதுபோதாது என்பது கீழ்வரும் கணக்கில் தெரியும். வாயு வெட்டியால் வெட்டினால் எஃகின் பதமும் கெடும். இம்முறையை எவ்வகையிலும் பரிந்துரைக்க இயலாது.

உயரம் குறையும்போது நிகழ்வது

ஒரு சிறிய ஹாட்ச்பேக் வண்டியின் ஒரு மூலையில் வில் தாங்கும் நிறை 280 கி.கி. எனக் கொள்வோம். மூல வில்லின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் எனில், வண்டியின் எடையால் அது 137 மி.மீ. அமுங்கி நிற்கும். அம்மூலையின் இயல்பு அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 1.3 அதிர்வுகள். சாதாரண மகிழுந்துகள் 1 முதல் 1.5 வரையிலான இவ்வெல்லையிலேயே அமைக்கப்படுகின்றன.

இனி, இவ்வண்டியில் சக்கரம் மேலெழுந்து ரப்பர் தடையை முட்டுவதற்கு முன் 80 மி.மீ. ஓட்டம் இருந்தது என்றும், வண்டியை 40 மி.மீ. தாழ்த்துகிறோம் என்றும் கொள்வோம். ஓட்டம் பாதியாகிவிட்டது. ஒரு மேடு தரும் ஆற்றலை வில் விழுங்குவது விறைப்பின் பாதியை ஓட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கிய அளவாகும். மூல வில் 64 ஜூல் விழுங்கியது. அதே 64 ஜூலைப் பாதி ஓட்டத்தில் விழுங்க வேண்டுமானால் விறைப்பு இருமடங்கு அன்று, நான்கு மடங்கு வேண்டும். அதாவது மில்லிமீட்டருக்கு 80 நியூட்டன். வெட்டிய வில் 24 நியூட்டனில் நின்றுவிடுவதால்தான் அவ்வண்டிகள் ஒவ்வொரு பள்ளத்திலும் தடையை இடிக்கின்றன.

மலிவு காயிலோவர்களில் மில்லிமீட்டருக்கு 6 கிலோகிராம் விசை, அதாவது 59 நியூட்டன் அளவிலான வில் காணப்படுவதுண்டு. அது 47 ஜூல் வரை விழுங்கும், ஓரளவு போதுமானது. விலை வேறிடத்தில் கொடுக்கப்படுகிறது. இயல்பு அதிர்வெண் நொடிக்கு 2.3 ஆகிறது. மனித உடல் செங்குத்து அதிர்வை மிகுதியாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 வரையிலான அதிர்வெண்களில். வண்டி அவ்வெல்லையை நோக்கி நகர்ந்துவிட்டது. மூல வில்லுடன் ஒப்பிடின், அதே அளவு அடக்கம் பெறத் தணிப்பியின் விசை 1.7 மடங்கு ஆக வேண்டும். தணிப்பியில் மிச்சம்பிடித்த தயாரிப்பு என்றால் வண்டி விறைப்பாகவும் அதே வேளையில் துள்ளலாகவும் ஓடும். விறைப்பைக் குறைகூறுவோர் பலரும் உண்மையில் குறைகூறுவது இந்த அடங்காத துள்ளலையே.

மற்றொரு விளைவு குறைவாகவே பேசப்படுகிறது. புதிய வில் எடையால் 47 மி.மீ. மட்டுமே அமுங்கி நிற்கிறது. சக்கரம் 47 மி.மீ. கீழிறங்கினால் வில்லில் விசை ஏதும் இராது; டயர் தரையை அழுத்தாது. மூல வில்லில் சக்கரம் 47 மி.மீ. தொங்கிய பின்னும் மூலையின் எடையில் மூன்றில் இரு பங்கு விசை எஞ்சியிருந்தது. சமவெளியில் சக்கரம் இவ்வளவு தொங்குவது அரிது. கொண்டை ஊசி வளைவில் அது அன்றாட நிகழ்வு.

குந்தா மலைச் சாலையில்

பிக்கட்டியிலிருந்து உதகமண்டலம் செல்வோரும், மஞ்சூர் வழியாகக் கெத்தை, முள்ளி, காரமடை எனச் சமவெளிக்கு இறங்குவோரும் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையிலான குறுகிய மலைச்சாலைகளையே பயன்படுத்துகின்றனர். மஞ்சூர் – முள்ளிச் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன.

மலைச்சாலைகளுக்கான இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிமுறை, கொண்டை ஊசி வளைவின் உட்புற ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும் என்றும், வளைவினுள் சரிவு 40-க்கு 1 என்பதை மீறலாகாது என்றும் கூறுகிறது. பழைய மலைச்சாலைகள் பல இந்நெறிமுறைக்கு முற்பட்டவை. அவற்றில் வளைவின் உள்ளோரம் மிகச் செங்குத்தாக இருப்பதற்குக் காரணம் எளிது: சாலையின் உள்ளோரமும் வெளியோரமும் ஏறும் உயரம் ஒன்றே, உள்ளோரத்தின் நீளமோ மிகக் குறைவு. எனவே உட்புறச் சக்கரங்கள் ஒரு சரிவிலும் வெளிப்புறச் சக்கரங்கள் மற்றொரு சரிவிலும் நிற்கின்றன. நான்கு சக்கரங்களும் ஒரே தளத்தில் இல்லாததால் வண்டி முறுக்கப்படுகிறது. மூலைவிட்டத்தின் இருமுனைச் சக்கரங்கள் அமுங்க, மற்ற இரண்டும் தொங்குகின்றன.

முன்சக்கர இயக்கமுள்ள வண்டி ஏற்றத்தில் வளையும்போது எடை பின்னோக்கியும் வெளிப்புறமாகவும் நகர்வதால் உட்புற முன்சக்கரம் ஏற்கனவே இலேசாகியிருக்கும். தொங்கும் ஓட்டமும் இல்லையெனில் அது சுழலத் தொடங்கும். சாதாரண டிஃபரென்சியல் சுழலும் சக்கரத்தின் பிடி அளவுக்கே மற்றதற்கும் இழுவை தரும். தென்மேற்குப் பருவமழையில் ஈரமான சாலையில், நிறைந்த சுமையுடன் இது வெறும் எரிச்சலன்று. வண்டி வளைவின் நடுவில் நின்று பின்னோக்கி உருளக்கூடும். குந்தாப் பகுதியில் பெய்யும் மழையின் அளவுக்கு ஒரு சான்று: 2019 ஆகத்து மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.-க்கு மேல் மழை பதிவாயிற்று. இத்தகைய மழைக்குப் பின் சாலையோரம் அரிக்கப்பட்டு, தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே படி உருவாகும். எதிரே பேருந்தோ தேயிலை ஏற்றிய லாரியோ வரும்போது சிறிய வண்டிதான் அப்படியில் இறங்க வேண்டியுள்ளது.

நன்மை இல்லாமல் இல்லை. புவியீர்ப்பு மையம் 540 மி.மீ. உயரத்திலிருந்து 500-க்கு இறங்கினால், இறக்கத்தில் தடையழுத்தும்போது பின்னிருந்து முன்னுக்கு மாறும் எடை 7 விழுக்காடு குறையும். நல்ல டயர்களும் புதிய தணிப்பிகளும் தரும் மேம்பாட்டுடன் ஒப்பிட இது சிறிது. மேலும் மேக்பெர்சன் அமைப்பில் கீழ்க்கையின் கோணம் மாறுவதால் உருளல் மையம், புவியீர்ப்பு மையத்தை விட வேகமாக இறங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் கூடுவதால் வண்டியைச் சாய்க்கும் திருப்புவிசையும் கூடலாம். வளைவில் வண்டி சாயாமல் இருப்பது விறைப்பான வில்லால், தாழ்வினால் அன்று.

வேகத்தடையும் தரை இடைவெளியும்

தாழ்த்திய வண்டி வேகத்தடையில் அடிபடும் என்பது பொதுவான அச்சம். தரமான வேகத்தடைக்கு அது பொருந்தாது. 1988-ல் வெளியான ஐ.ஆர்.சி. 99 நெறிமுறை, 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கான வேகத்தடையை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் 17 மீட்டர் வளைவு ஆரமும் கொண்டதாக வரையறுத்தது. அது 2018-ல் திருத்தப்பட்டது. 2430 மி.மீ. சக்கர அச்சு இடைவெளி உள்ள வண்டி இத்தகைய மேட்டின் உச்சியில் சமமாக நிற்கும்போது, சக்கரங்களும் மேட்டின் மேலேயே நிற்கின்றன. கணக்கிட்டால் நடுவயிற்றில் இழக்கப்படும் இடைவெளி 43 மி.மீ. மட்டுமே.

சிக்கல் ஊரார் தாமே அமைக்கும் குட்டையான, செங்குத்தான மேடுகளில்தான். இரண்டடி அகலமும் 15 செ.மீ. உயரமும் கொண்ட மேடு முழுவதும் இரு அச்சுகளுக்கு இடையில் அடங்கிவிடும், 130 மி.மீ. தரை இடைவெளியுள்ள வண்டி அதன்மேல் நேராகக் கடக்க இயலாது. வீட்டு வாசலின் சரிவும் அத்தகையதே. மேற்கூறிய வண்டிக்கு 170 மி.மீ. இடைவெளியில் 16 பாகை வரையிலான முகட்டைக் கடக்க முடியும். 130-ல் அது 12 பாகை. மலைச்சரிவில் கட்டிய வீடுகளுக்குச் சாலையிலிருந்து இறங்கும் தளங்கள் இவ்வெல்லையை எளிதில் மீறும்.

சுமை ஏற்றிய நிலையில் கணக்கு சற்று வியப்பூட்டும். நான்கு பேரும் பெட்டிகளுமாக 300 கி.கி. சமமாகப் பரவினால் மூல வண்டி 37 மி.மீ. அமுங்கி 133-ல் நிற்கும். தாழ்த்திய வண்டி விறைப்பான வில்லால் 12.5 மி.மீ. மட்டுமே அமுங்கி 117.5-ல் நிற்கும். வெறும் வண்டியில் 40 மி.மீ. ஆக இருந்த வேறுபாடு ஏறக்குறைய 15 ஆகக் குறைகிறது. எனவே வண்டி மிதமாகத் தாழ்த்தப்படின், நிறைந்த சுமையில் அடிபடுவது பற்றிய அச்சத்தை விட மேற்பிரிவில் கூறிய தொங்கும் ஓட்டத்தின் இழப்பே மலையில் கருதத்தக்கது. இச்சாலைகளில் அன்றாடம் ஓடும் வண்டிக்கு 15 முதல் 20 மி.மீ. வரையிலான தாழ்வும், மில்லிமீட்டருக்கு 30 நியூட்டனை ஒட்டிய வில்லும் எல்லையாகக் கொள்ளத்தக்கவை. காயிலோவரைப் பொருத்தி மூல உயரத்திலேயே விடுவதும் முறையான பயன்பாடே. ஆனால் அதற்காக வாங்குவோர் குறைவு.

சக்கரக் கோணங்களும் விளக்கும்

வண்டி தாழும்போது சக்கரத்தின் மேற்பகுதி உட்புறமாகச் சாயும். இது எதிர்மறை கேம்பர் எனப்படும். உடன் டோ எனப்படும் முன்நோக்கு கோணமும் மாறும். டயரின் உள்விளிம்பு விரைவில் தேய்வதற்குக் கேம்பரை விட டோவே பெரிதும் காரணம். பொருத்தியவுடன் ஒருமுறையும், விற்கள் படிந்தபின் சில நூறு கிலோமீட்டரில் மறுமுறையும் வீல் அலைன்மெண்ட் செய்தல் வேண்டும். ஸ்டீயரிங் இணைப்புத் தண்டின் கோணம் மாறுவதால் மேடுபள்ளங்களில் வண்டி தானே பக்கவாட்டில் இழுப்பதும் உண்டு.

முன்புறத்தை விடப் பின்புறம் மிகுதியாகத் தாழ்ந்தால் முகப்பு விளக்கின் ஒளி மேல்நோக்கும். மூடுபனியில் மேல்நோக்கிய ஒளி ஓட்டுநரின் கண்ணுக்கே வெண்திரையாகத் திரும்பிவரும்; எதிரே வருபவருக்கும் கூச்சம் தரும். விளக்கைச் சரிசெய்ய ஒரு திருகாணியும் சில நிமிடங்களுமே தேவை. ஆயினும் பெரும்பாலும் மறக்கப்படுவது இதுவே.

பராமரிப்பு

மலிவு வகைகளின் மரையில் பூச்சு மெல்லியது. ஈரமும் சேறும் படிந்து வளையம் இறுகிவிட்டால், பின்னர் உயரத்தை மாற்றவே இயலாமற் போகும். மழைக்காலத்திற்கு முன் மரையைத் தூரிகையால் துடைத்து, பாதுகாப்பு எண்ணெய் பூசி, துணி உறையால் மூடுவது வழக்கம். உறைபனிக் காலக் காலையில் தணிப்பியின் எண்ணெய் தடித்திருப்பதால் முதற்சில கிலோமீட்டர்கள் வண்டி வழக்கத்தை விட விறைப்பாக ஓடும், இது பழுதன்று. தணிப்பியின் தண்டில் எண்ணெய் வழிவதும், மேல் தாங்கியில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது எழும் ஒலியும் பழுதின் அறிகுறிகள்.

சட்டநிலை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த மேல்முறையீடு ஒன்றில் 2019 சனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. வண்ணத்தை மாற்றுதல் போன்றவற்றுக்கு இடமுண்டு. அமைப்பை மாற்றுவதற்கு இல்லை.

பதிவுச் சான்றில் தரை இடைவெளிக்கெனத் தனிக் கட்டம் இல்லாததால், தாழ்த்துதல் இப்பிரிவில் அடங்காது என வாதிடுவோர் உளர். ஆனால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத உதிரிகளைப் பொருத்தி மாற்றுவதையும் குற்றமாக்குகிறது. உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிக்காவிடில், விபத்தின்போது இழப்பீட்டுக் கோரிக்கை சிக்கலுக்குள்ளாகலாம்.

சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பின் புதுப்பிக்கப்பட வேண்டும். அப்போது வண்டி நேரில் சோதிக்கப்படும். கழற்றிய மூல வில்லையும் ஸ்ட்ரட்டையும் பழைய இரும்புக்கு விற்றுவிட்டவர்கள் அவ்வேளையில் புதியவற்றை வாங்க நேரிடுகிறது.